கணினி நன்றாக ஓடும்போதே எடுத்துவைக்க வேண்டிய கணக்கு

காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலை. ஜூன் மாதம், பெங்களூரா மாங்காய் டிராக்டர் டிராக்டராக வந்து இறங்கும் சமயம். எடைமேடை அறையில் இருந்த கணினி ஒரு நாள் காலையில் உயிரை விட்டது. வெளியே ஒன்பது வண்டி வரிசையில் நிற்கிறது. என்னைக் கூப்பிட்டார்கள். பைக்கில் போய் இறங்கியதும் நான் கேட்ட முதல் கேள்வி, "இதுல என்ன மதர்போர்டு? எடை போடுற சாஃப்ட்வேர் எந்த வெர்ஷன்?" மேலாளர் கையை விரித்தார். "அதெல்லாம் போட்டுக் கொடுத்தவருக்குத்தாண்ணா தெரியும். அவரு இப்ப பெங்களூர்ல இருக்காரு."

அவசரத்துக்கு ஒரு புதுக் கணினி வாங்கி வந்தோம். மேசையில் வைத்துப் பார்த்தால், எடைக் கருவியிலிருந்து வரும் வயரைச் செருக அதில் இடமே இல்லை. பழைய கணினியில் ஒன்பது ஊசி கொண்ட சீரியல் போர்ட் இருந்திருக்கிறது. புதியதில் இல்லை. யுஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் கேபிளைத் தேடி ஓசூர் வரை ஆள் போனது. கேபிள் வந்த பிறகும், எந்த காம் எண் (வயர் செருகிய போர்ட்டின் எண்), எந்த பாட் ரேட் (தரவு போகும் வேகம்) என்று தெரியாமல் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்தோம். சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் முதல் எடைச் சீட்டு அச்சாகி வந்தது. அதுவரை மாங்காயும் வண்டிக்காரர்களும் வெயிலில் காய்ந்தார்கள். பழைய கணினி நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏதாவது ஒரு நாளில் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் இவ்வளவும் ஒரு தாளில் இருந்திருக்கும்.

கிருஷ்ணகிரி, தருமபுரி சுற்றுவட்டாரத்தில் நான் சர்வீஸுக்குப் போகும் இடங்களில் பெரும்பாலும் இதே நிலைதான். இ-சேவை மையம், போட்டோ ஸ்டுடியோ, பாலக்கோடு பக்கம் தக்காளி மண்டி, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம், எல்லா இடத்திலும் சரக்கு இருப்பை மனப்பாடமாகச் சொல்வார்கள். கணினிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் மட்டும் பெட்டியைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் கணக்கை எந்தக் கருவியால் எடுப்பது, அந்தக் கருவியை எங்கே தேடுவது என்று புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் கேள்வி, அப்புறம் கருவி

இணையத்தில் தேடினால் கணினியைக் கணக்கெடுக்கும் மென்பொருள் ஐம்பது கிடைக்கும். சிலர் ஐந்தை இறக்கி நிறுவிவிட்டு எதையும் பயன்படுத்துவதில்லை. உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். ராம் கூட்டலாமா என்று பார்ப்பது ஒரு கேள்வி. ஹார்ட் டிஸ்க் இன்னும் எவ்வளவு நாள் தாங்கும் என்பது வேறு கேள்வி. ஃபார்மட் போட்டால் திரும்ப என்னென்ன நிறுவ வேண்டும் என்பது இன்னொன்று. இந்த மூன்றுக்கும் ஒரே கருவி சரியாகப் பதில் சொல்லாது. முக்கால்வாசிக் கேள்விகளுக்குப் பதில் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. மீதிக்கு மட்டும் வெளியே போனால் போதும்.

ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் மேசைக்குக் கீழே இருக்கும் பெட்டி முழுவதையும் சிபியு என்கிறோம். எல்லாக் கருவிகளிலும் சிபியு என்றால் உள்ளே இருக்கும் பிராசஸர் சில்லு மட்டும்தான். இது புரியாமல் குழம்பியவர்கள் நிறையப் பேர்.

படி 1: உள்ளேயே இருக்கும் கருவிகள்

விண்டோஸ் சாவியைப் பிடித்துக்கொண்டு ஆர் எழுத்தை அழுத்துங்கள். ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் எம், எஸ், ஐ, என், எஃப், ஓ, பிறகு 32 என்று ஆங்கில எழுத்துகளில் இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறக்கும். முதல் பக்கத்திலேயே கணினியின் மாடல், பிராசஸர், பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை நிரல்) பதிப்பும் தேதியும், மதர்போர்டு பெயர், ராம் அளவு எல்லாம் வரிசையாக இருக்கும். மதர்போர்டு என்ற சொல்லை அங்கே தேடாதீர்கள், பேஸ்போர்டு என்று போட்டிருக்கும். பயாஸ் மோடு என்ற வரியையும் குறித்துக்கொள்ளுங்கள். அதில் லெகசி என்றிருக்கிறதா, யுஇஎஃப்ஐ என்றிருக்கிறதா என்பது மறுபடி விண்டோஸ் ஏற்றும்போது வேண்டியிருக்கும்.

இடது பக்கத்தில் காம்பொனென்ட்ஸ் என்ற கிளையை விரித்தால் கீழ்ப்பக்கமாக பிராப்ளம் டிவைசஸ் என்று ஒன்று உண்டு. டிரைவர் (பாகத்தை இயக்கும் நிரல்) இல்லாத, வேலை செய்யாத பாகங்கள் இருந்தால் அங்கே தெரியும். காலியாக இருந்தால் நல்லது. எல்லாம் பார்த்த பிறகு ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் கொடுங்கள். எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்பாகச் சேமிக்கப்படும். அதைப் பென்டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். அதே கணினியில் வைத்துக்கொண்டால், அது போகிற நாளில் கோப்பும் கூடவே போய்விடும்.

அடுத்து டாஸ்க் மேனேஜர். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தொடுங்கள். கீழே ஸ்லாட்ஸ் யூஸ்டு என்ற வரியில் 2இல் 1 என்று இருந்தால் இன்னொரு ராம் போட இடம் இருக்கிறது. ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் எஸ்ஓடிஐஎம்எம் என்றிருந்தால் அது லேப்டாப்பில் போடும் சின்ன ராம். ரோ ஆஃப் சிப்ஸ் என்றிருந்தால் ராம் போர்டோடு பற்ற வைக்கப்பட்டது, கழற்ற முடியாது. பர்கூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் 8 ஜிபி ராம் வாங்கிக்கொண்டே என்னிடம் வந்தார். அவருடைய லேப்டாப்பில் செருகும் இடமே கிடையாது. வாங்குவதற்கு முன்னால் இந்த ஒரு வரியைப் பார்த்திருந்தால் பணம் முடங்கியிருக்காது.

எடைமேடை, பார்கோடு, பழைய பில் பிரிண்டர் மாதிரி எதையாவது கணினியோடு இணைத்திருப்பவர்கள் டிவைஸ் மேனேஜரையும் திறக்க வேண்டும். ஸ்டார்ட் பொத்தானை வலது கிளிக் செய்தால் பட்டியலில் இருக்கும். போர்ட்ஸ் என்ற தலைப்பை விரித்து, காம் 1, காம் 3 என்று என்ன இருக்கிறதோ எழுதுங்கள். எடை மென்பொருளின் செட்டிங்கில் எந்த எண்ணும் எந்த பாட் ரேட்டும் போட்டிருக்கிறது என்பதை செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு அன்நோன் டிவைஸ் என்று நின்றால் பயப்பட வேண்டாம். அதை இருமுறை தட்டி, டீட்டெயில்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடி என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெண்டர் என்பதைச் சுருக்கிய விஇஎன் என்ற எழுத்துகளுக்குப் பின்னால் நாலு இலக்கக் குறி இருக்கும். 8086 என்றால் இன்டெல். 1978இல் அந்த நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற பிராசஸரின் எண்ணையே தன் அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கிறது. 10இசி என்றால் ரியல்டெக், 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி. யார் செய்த பாகம் என்று தெரிந்துவிட்டால் டிரைவரை எந்த நிறுவனத்தின் தளத்தில் தேடுவது என்பதும் தெரிந்துவிடும்.

முதல் தடவை கணக்கெடுப்பவர்களைப் பதறவைக்கும் சில எண்கள் உண்டு. 500 ஜிபி டிஸ்க் என்று வாங்கியது 465 என்று காட்டும். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1,024ஆகக் கணக்கிடுகிறது. அதனால் 1 டிபி என்பது 931 ஜிபியாகத் தெரியும், யாரும் ஏமாற்றவில்லை. 8 ஜிபி ராமில் பயன்படுத்தக்கூடியது 7.8 என்று காட்டினால், மீதியை கிராபிக்ஸுக்கும் மற்றவற்றுக்கும் ஒதுக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

அசெம்பிள் கணினியில் இன்னொன்று நடக்கும். மாடல் என்ற இடத்தில் "டு பி ஃபில்டு பை ஓஇஎம்" என்றோ "டிஃபால்ட் ஸ்ட்ரிங்" என்றோ இருக்கும். இது வைரஸ் இல்லை. மதர்போர்டு செய்தவர்கள், பெட்டியைச் சேர்த்துக் கட்டும் நிறுவனம் தன் பெயரை நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்ட காலி இடம் அது. நம் ஊர்க் கடைகளில் அதை யாரும் நிரப்புவதில்லை. எவ்வளவு விலை உயர்ந்த கருவியாக இருந்தாலும் பயாஸில் எழுதியிருப்பதைத்தான் படித்துக் காட்டும், அங்கே எழுதாததை அதனால் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட கணினிகளுக்கு நீங்களே ஒரு எண் கொடுத்து, மார்க்கரால் பெட்டியில் எழுதிவிடுங்கள்.

பிராண்ட் லேப்டாப் என்றால் சீரியல் எண் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். ஸ்டிக்கர் அழிந்திருந்தால் பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தைத் திறந்து, கெட் என்பதற்குப் பின் ஒரு சிறு கோடு, அதை ஒட்டி சி, ஐ, எம், இன்ஸ்டன்ஸ், பிறகு ஒரு இடைவெளி, வின்32, அடிக்கோடு, பயாஸ் என்று ஆங்கிலத்தில் அடித்தால் காட்டும். பழைய குறிப்புகளில் டபிள்யூஎம்ஐசி என்ற கட்டளையைச் சொல்லியிருப்பார்கள். மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டுவிட்டது, புதிய விண்டோஸ் 11இல் அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று வரலாம். உங்கள் கணினியில் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

படி 2: மென்பொருள் பட்டியல்

விண்டோஸ் சாவியோடு ஆர் அழுத்தி, ஏ, பி, பி, டபிள்யூ, ஐ, இசட், புள்ளி, சி, பி, எல் என்று அடித்தால் நிறுவிய மென்பொருள்களின் பழைய பட்டியல் திறக்கும். பார்ப்பதற்கு நல்லது, கோப்பாக எடுக்க வழியில்லை. அதற்கு கமாண்ட் பிராம்ப்ட் என்ற கட்டளைச் சாளரத்தைத் திறந்து விங்கெட் லிஸ்ட் என்று அடியுங்கள். டபிள்யூ, ஐ, என், ஜி, இ, டி, ஓர் இடைவெளி, பிறகு லிஸ்ட். விண்டோஸ் 11இலும் புதுப்பித்து வைத்த விண்டோஸ் 10இலும் இது கூடவே வருகிறது. பெயர், பதிப்பு எண், புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்பது வரை காட்டும். கட்டளையின் கடைசியில் பெரிது என்ற கணிதக் குறியையும் ஒரு கோப்புப் பெயரையும் சேர்த்தால் பட்டியல் அந்தக் கோப்பில் விழுந்துவிடும்.

இணையத்தில் பல இடங்களில் வின்32 பிராடக்ட் என்பதைக் கேட்கும் கட்டளையைச் சொல்வார்கள். அதைத் தவிர்த்துவிடுங்கள். அது வெறுமனே பட்டியல் எடுப்பதில்லை, எம்எஸ்ஐ என்ற விண்டோஸ் நிறுவல் முறையில் நிறுவிய ஒவ்வொரு மென்பொருளையும் சரிபார்க்கத் தொடங்கும், சிலதைப் பழுதுபார்க்கவும் போய்விடும். வேலை நேரத்தில் பில் போடும் கணினியில் அதைச் செய்யக் கூடாது.

எந்தப் பட்டியலிலும் வராதவையும் உண்டு. நிறுவாமலே ஓடும் போர்ட்டபிள் மென்பொருள்கள், பிரவுசரில் சேர்த்த எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் அந்த வகை. தமிழர்களுக்கு இதில் தனியாக ஒன்று இருக்கிறது, எழுத்துருக்கள். தருமபுரியில் ஒரு அச்சகத்தில் கணினி மெதுவாகிவிட்டது என்று ஒருவர் ஃபார்மட் போட்டுக் கொடுத்துவிட்டார். பேஜ்மேக்கரை நினைவாக நிறுவிவிட்டார். ஆனால் பழைய பத்திரிகை டிசைன்களைத் திறந்தால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து நிற்கிறது. எல்லாம் பாமினியிலும் வேறு யூனிகோடு அல்லாத எழுத்துருக்களிலும் அடித்தவை. அச்சக அக்கா என்னிடம், "தம்பி, பத்து வருஷ டிசைன் எல்லாம் போச்சா?" என்று கேட்டபோது அவருக்குக் கை நடுங்கியது. போகவில்லை, எழுத்துருதான் இல்லை. ஆனால் எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்துச் சேர்க்க இரண்டு நாள் ஆனது. ஆகவே சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வையுங்கள். தமிழ் தட்டச்சுக்கு என்ன பயன்படுத்துகிறீர்கள், என்எச்எம் ரைட்டரா, அழகியா, விண்டோஸின் சொந்த விசைப்பலகையா, அதில் எந்த அமைப்பு, தமிழ்99ஆ பழைய தட்டச்சா என்பதையும் எழுதுங்கள்.

உரிமம் அடுத்தது. கமாண்ட் பிராம்ப்டில் எஸ், எல், எம், ஜி, ஆர், இடைவெளி, சாய்கோடு, டி, எல், ஐ என்று அடித்தால் ஒரு சிறு சாளரம் வரும். அதில் ஓஇஎம் (கணினியோடு வந்தது) அல்லது ரீடெய்ல் (தனியாக வாங்கியது) சேனல் என்றிருந்தால் சரி. வீட்டிலோ சின்னக் கடையிலோ இருக்கும் கணினியில் வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட் என்று வந்தால், கிராக் போட்டு இயக்கியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த வகை உரிமம் பெரிய நிறுவனங்கள் தங்கள் சொந்த சர்வரை வைத்து 180 நாளுக்கு ஒருமுறையாவது புதுப்பிப்பது. விற்றவர் ஒரிஜினல் விண்டோஸ் என்று சொல்லிப் பணம் வாங்கியிருந்தால் நீங்கள் கேள்வி கேட்க இது ஆதாரம். டேலிபிரைம் வைத்திருப்பவர்கள் எஃப்1 அழுத்தி அபவுட் பகுதியில் சீரியல் எண்ணையும் ரிலீஸ் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். பழைய ரிலீஸைப் போட்டுவிட்டுப் புதிய ரிலீஸின் டேட்டாவைத் திறக்கப் பார்த்தால் திறக்காது.

படி 3: வெளியிலிருந்து எடுக்க வேண்டியவை

இவ்வளவுக்குப் பிறகும் பதில் கிடைக்காத கேள்விகளுக்குத்தான் வெளிக்கருவி. நான் பென்டிரைவில் எப்போதும் வைத்திருப்பவை இரண்டு: சிபியு-இசட், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ.

சிபியு-இசட் பிராசஸரின் முழு எண், மதர்போர்டு மாடல், ஒவ்வொரு ஸ்லாட்டிலும் இருக்கும் ராமை யார் செய்தார்கள் என்பது வரை சொல்லும். எஸ்பிடி என்ற பக்கத்தில் ஸ்லாட் ஸ்லாட்டாகப் பார்க்கலாம். 3200 என்று வாங்கிய டிடிஆர்4 ராம் இதன் மெமரி பக்கத்தில் 1600 அருகே காட்டும். டிடிஆர் ராம் ஒரு துடிப்புக்கு இருமுறை தரவை அனுப்புகிறது, கருவி துடிப்பை மட்டும் எண்ணுகிறது. இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பிராசஸர் எண்ணை முழுதாகப் பார்ப்பது பழைய லேப்டாப் வாங்குபவர்களுக்கு உயிர்நாடி. கிருஷ்ணகிரி, ஓசூர் ஆட்கள் பெங்களூர் எஸ்பி ரோடு போய் ஐடி கம்பெனிகள் கழித்துவிட்ட லேப்டாப்களை வாங்கி வருவது வழக்கம். நல்ல பொருளும் கிடைக்கும். ஆனால் கடைக்காரர் "ஐ5 சார்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஐ5 என்பது குடும்பப் பெயர் மாதிரி, வயதைச் சொல்லாது. ஐ5-2400 என்றால் முதல் இலக்கம் 2, இரண்டாம் தலைமுறை, 2011இல் வந்தது. ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற, இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். கடையிலேயே விண்டோஸ் சாவியோடு ஆர் அழுத்தி, டி, பி, எம், புள்ளி, எம், எஸ், சி என்று அடித்தால் அது இருக்கிறதா, எந்தப் பதிப்பு என்று தெரிந்துவிடும். கேட்க வெட்கப்படாதீர்கள், நம்முடைய பணம்.

அங்கேயே பேட்டரியையும் பார்த்துவிடலாம். கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட் என்று அடித்தால் பிரவுசரில் திறக்கும் ஓர் அறிக்கை உருவாகும். அது எங்கே சேமிக்கப்பட்டது என்பதையும் அதுவே சொல்லும். டிசைன் கெப்பாசிட்டி 50,000, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 27,000 என்றிருந்தால் பேட்டரியில் பாதி உயிர்தான் மிச்சம். விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்வது. ஜப்பானியர் ஒருவர் உருவாக்கிய திறமூல (நிரலை யாரும் பார்க்கக்கூடிய) மென்பொருள். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் முடிந்தது. வலது மேல் மூலையில் பவர் ஆன் அவர்ஸ் என்று ஓர் எண் இருக்கும். ஒரு நண்பர் அதிகம் ஓடாத லேப்டாப் என்று வாங்கி வந்ததில் 14,600 மணி நேரம் என்று காட்டியது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று வகுத்தால் 1,825 நாள், அதாவது விடுமுறையே இல்லாமல் ஐந்து வருடம்.

சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் நான் முதலில் பார்ப்பது இரண்டு வரி: 05 என்ற ரீஅலோகேட்டட் செக்டர்ஸ், சி5 என்ற கரன்ட் பெண்டிங் செக்டர்ஸ். முதலாவது, கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்டவை. இரண்டாவது, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. அரூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில், கல்யாண ஆல்பங்கள் இருந்த டிஸ்க்கில் சி5இல் 48 என்று இருந்தது. எண்கள் பதினாறடிமானத்தில் காட்டப்படும், மெனுவில் பத்தடிமானத்துக்கு மாற்றிப் பார்த்தேன், 72. டிஸ்க் அதுவரை ஒரு சத்தமும் போடவில்லை, மெதுவாகவும் இல்லை. மஞ்சள் நிறம் மட்டும்தான் சாட்சி. அன்றைக்கே எல்லாப் படங்களையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றினோம், மூன்று கோப்புகள் மட்டும் படிக்க வரவில்லை. இரண்டு வாரம் கழித்து அந்த டிஸ்க்கை கணினி அடையாளம் காணவே இல்லை. எனக்கு இந்தத் தொழிலில் மனநிறைவு தந்த நாள்களில் அது ஒன்று. எஸ்எஸ்டி என்றால் நிறத்தோடு சதவீதமும் காட்டும், அது குறைந்துகொண்டே வரும்.

வெப்பம், விசிறி வேகம், மின்னழுத்தம் வரை எல்லாம் வேண்டுமென்றால் எச்டபிள்யூ இன்ஃபோ. தொடக்கத்திலேயே சென்சார்ஸ் ஒன்லி, சம்மரி ஒன்லி என்று கேட்கும், புதியவர்கள் சம்மரியைத் தேர்ந்தெடுங்கள். மென்பொருளும் வன்பொருளும் சேர்த்து ஒரே பக்கத்தில் வேண்டுமென்றால் பெலார்க் அட்வைசர் நல்லது. விடுபட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புகளைக்கூடச் சொல்லும். இந்த இரண்டும் தனிப்பட்ட பயன்பாட்டுக்குத்தான் இலவசம். கம்பெனிக் கணினியில் ஓட்டினால் உரிமத்தை மீறியதாகும். பெலார்க் அறிக்கையில் மென்பொருள்களின் சாவி எண்கள்கூட வரும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு உதவி கேட்காதீர்கள்.

எங்கிருந்து இறக்குவது

இதில் தவறு செய்தால் மேலே சொன்ன எல்லாம் வீண். தேடல் முடிவில் முதலில் வருவது பல நேரம் விளம்பரம். 2023 நவம்பரில் சிபியு-இசட் பெயரிலேயே கூகுள் விளம்பரம் கொடுத்து, போலித் தளத்துக்கு இழுத்து, கடவுச்சொல் திருடும் நிரலை இறக்க வைத்தார்கள். உண்மையான தளத்துக்கே போனாலும் பக்கத்தில் பெரிய பச்சைப் பொத்தானோடு டவுன்லோடு என்று விளம்பரம் இருக்கும். உண்மையான இணைப்பு பெரும்பாலும் சின்ன எழுத்தில் இருக்கும்.

பாதுகாப்பான வழி, நாம் ஏற்கனவே பார்த்த விங்கெட். விங்கெட், இடைவெளி, சர்ச், இடைவெளி, கருவியின் பெயர் என்று அடித்தால் அடையாளக் குறியோடு பட்டியல் வரும். பிறகு அந்தக் குறியோடு இன்ஸ்டால் கட்டளை கொடுங்கள். இறக்கும் கோப்பு மாற்றப்படாததா என்று அதுவே ஒத்துப் பார்த்துக்கொள்ளும். தளத்திலிருந்து இறக்குவதாக இருந்தால், செட்டப் கோப்பைவிட ஜிப் கோப்பாகக் கிடைக்கும் போர்ட்டபிள் பதிப்பை எடுங்கள், அதில் வேண்டாத இணைப்புகள் ஒட்டிக்கொண்டு வருவது குறைவு. சந்தேகம் இருந்தால் கோப்பை வைரஸ்டோட்டல் என்ற வைரஸ் சோதிக்கும் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். டிரைவர் எல்லாம் ஒரே கிளிக்கில் புதுப்பித்துத் தருகிறேன் என்று சொல்லும் மென்பொருள் எதையும் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கணக்கெடுக்க வந்த கருவி எதையும் மாற்றக் கூடாது.

லினக்ஸ் உள்ள கணினி, விண்டோஸ் திறக்காத கணினி

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் நம் மாவட்டங்களில் இன்னும் பல வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. விண்டோஸ் திறக்காவிட்டாலும் அவற்றைக் கணக்கெடுக்கலாம். லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே அதிலிருந்து கணினியை எழுப்புங்கள். டெர்மினலில் ஐ, என், எக்ஸ், ஐ என்ற நாலு எழுத்து, இடைவெளி, ஒரு சிறு கோடு, பெரிய எஃப், சின்ன இசட் என்று அடித்தால் முழு விவரமும் ஒரு பக்கத்தில் வரும். அந்த இசட், சீரியல் எண் போன்றவற்றை மறைத்துக் காட்டும், யாரிடமாவது அனுப்பி உதவி கேட்க வசதி. உபுண்டுவிலும் இதுபோன்ற மற்ற லினக்ஸிலும் சூடோ எல்எஸ்எச்டபிள்யூ என்ற கட்டளை இதே வேலையைச் செய்யும்.

கணினிகள் இருபதைத் தாண்டினால்

பத்துக்குள் என்றால் ஒரு எக்செல் தாள் போதும், மேலே போகாதீர்கள். பள்ளி ஆய்வகம், ஓசூர்ப் பக்கம் சின்னத் தொழிற்சாலை என்று இருபது முப்பதைத் தாண்டினால் ஒவ்வொன்றிலும் உட்கார முடியாது. அதற்கென்றே இருக்கும் மென்பொருள்கள் ஜிஎல்பிஐ, ஓசிஎஸ் இன்வென்டரி, இரண்டும் திறமூலம். ஒரு கணினியைச் சர்வராக வைத்து, மற்றவற்றில் ஏஜென்ட் என்ற சிறு நிரலை நிறுவினால் அவையே விவரத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். 2022இல் வந்த ஜிஎல்பிஐ 10 முதல் கணக்கெடுக்கும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. நிறுவிய கையோடு, அது கூடவே தரும் நாலு கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள், அவை உலகத்துக்கே தெரிந்தவை. சர்வர் பராமரிக்க ஆள் இல்லையென்றால் ஜோஹோவின் மேனேஜ்என்ஜின் போன்ற சேவைகளைப் பார்க்கலாம், பெரிய எண்ணிக்கைக்குப் பணம் கட்ட வேண்டும்.

கருவிக்குத் தெரியாதவை

வாங்கிய தேதி, பில் எண், வாரண்டி முடியும் நாள், எந்த மேசை, யார் பயன்படுத்துகிறார்கள் என்பதெல்லாம் எந்தக் கருவிக்கும் தெரியாது. நம் பக்கம் முக்கியமானது யுபிஎஸ். அதன் பேட்டரியை எப்போது மாற்றினோம் என்று யாருக்குமே ஞாபகம் இருப்பதில்லை. மாற்றிய அன்றே தேதியை பேட்டரி மேலேயே மார்க்கரால் எழுதி, பட்டியலிலும் சேர்த்துவிடுங்கள்.

பட்டியலில் கணக்கெடுத்த தேதி கட்டாயம் இருக்க வேண்டும். ஒரு நகல் பென்டிரைவில், ஒரு நகல் தாளில். ராம், டிஸ்க் எதை மாற்றினாலும் அன்றே திருத்துங்கள், மற்றபடி வருடத்துக்கு இரண்டு தடவை போதும். அந்த மாங்கூழ் தொழிற்சாலையில் இப்போது ஏப்ரல் மாதமே, சீசன் தொடங்கும் முன்னால் கூப்பிட்டுவிடுகிறார்கள். எடைமேடைக் கணினியின் தாள் பில் புத்தகம் வைக்கும் இழுப்பறையில் இருக்கிறது. அதில் காம் 3, 9600 என்று சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார் மேலாளர். மாற்றுக் கேபிள் ஒன்றும் அதே இழுப்பறையில் இருக்கிறது.